நெடுந்தீவுப் படகில் நில்லாத பெல்ட்

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ஓடும் அத்தானின் பயணிகள் படகில், ஆனி மாதம் தொடங்கியதிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அரை நிமிடம் அது கத்தும். பிறகு தானாகவே அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் திருவிழா நெருங்கியபோது, அத்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, டீசல் பம்ப் பழுதாப் போச்சுது போல கிடக்கு. ஆர்பிஎம் முள்ளு விழுந்து விழுந்து எழும்புது."

அவர் அப்படி நினைத்ததில் தவறில்லை. சுழற்சிமானியின் முள் 1,500இலிருந்து 1,100க்கு விழுவதைப் பார்க்கும் எவரும் எரிபொருள் தடைப்படுகிறது என்றே எண்ணுவர். ஆனால் படகின் வேகம் குறையவில்லை என்றும், சத்தமும் அதிர்வும் மாறவில்லை என்றும் அவரே அடுத்த வாக்கியத்தில் சொன்னார். அந்தப் படகின் சுழற்சிமானி தனக்கான சைகையை, பெல்ட்டில் சுழன்று பற்றரிக்கு மின்னேற்றும் அல்டனேற்றரிலிருந்து எடுப்பது என்பது எனக்கு முன்பே தெரியும். ஆகவே அங்கே நின்று நின்று சுழல்வது அல்டனேற்றர்தான், இயந்திரம் அன்று. டீசல் பம்பைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் வழியாகப் புறப்பட்டேன்.

நிலத்தில் நீர் இறைக்கும் இயந்திரங்களையும் மிளகாய் அரைக்கும் மில்களையும் திருத்துவதே என் தொழில். பெல்ட் எனக்குப் பழக்கமான பொருள். அதனால்தானோ என்னவோ, இந்த வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துப் போய், மூன்று முறை குறிகட்டுவானுக்கு அலைய நேர்ந்தது.

இயந்திரம் நான்கு சிலிண்டர் டீசல். அதன் முன்பக்கத்தில் இயந்திரத்தின் சுழல்தண்டிலுள்ள கிராங்க் கப்பி, குளிர்விக்கும் நன்னீரைச் சுற்றவைக்கும் பம்பின் கப்பி, அல்டனேற்றர் கப்பி ஆகிய மூன்றையும் ஒரே ஒரு பெல்ட் முக்கோணமாகச் சுற்றி ஓடுகிறது. கடல்நீரை இழுக்கும் பம்பு பற்சக்கரத்தில் இயங்குவதால் அதற்கு இந்தப் பெல்ட்டுடன் தொடர்பில்லை. எனினும் பெல்ட் அறுந்தால் பற்றரி மின்னேற்றம் பெறுவதும் இயந்திரத்துக்குள் நன்னீர் சுற்றுவதும் ஒரே கணத்தில் நின்றுபோகும். நெடுந்தீவுக்குப் போக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் கடலில், தென்மேற்குச் சோளகக் காற்று அடிக்கும் காலத்தில், அது நடுவழியில் நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அடித்தட்டில் தேங்கும் நீரை இறைக்கும் மின்பம்பும் அதே பற்றரியில்தான் ஓடுகிறது.

முதல் நாள் இயந்திர அறையைத் திறந்தவுடன் கண்ணில் பட்டது தூள். அல்டனேற்றரின் உடலிலும் அதன் அருகிலிருந்த மரச் சட்டத்திலும் கரிபோன்ற தூள் படிந்திருந்தது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தபோது, கறுப்புக்குள் செம்மையும் கலந்திருந்தது. கறுப்பு பெல்ட்டின் றப்பர். செம்மை கப்பியின் துரு. இரண்டும் சேர்ந்திருப்பதற்கு என்ன பொருள் என்பதை அன்றே யோசித்திருந்தால் ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும். நான் யோசிக்கவில்லை. பெருவிரலால் பெல்ட்டை அழுத்தினேன்; இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் உள்ளே போனது. தளர்ந்துவிட்டது, இறுக்கினால் சரி என்று முடிவு செய்தேன்.

படகில் வேலை செய்யும் பையன் அதற்கு முன்பே இரண்டு வைத்தியம் பார்த்திருந்தான். ஒன்று, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரக் கட்டியை ஓடுகிற பெல்ட்டின் விளிம்பில் பிடித்தது. சத்தம் ஒரு நாள் நின்றதாம். சத்தம் நிற்கும்தான், ஆனால் நழுவல் நிற்காது, கூடும். மற்றது, அலவாங்கை அல்டனேற்றரின் அலுமினிய உடலுக்கும் இயந்திரத்துக்கும் இடையே கொடுத்து நெம்பி இறுக்கியது. அலவாங்கு பட்ட இடத்தில் அலுமினியத்தில் ஆழமான வடு இருந்தது. வெடிக்காமல் தப்பியது அதிர்ஷ்டம். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் நெம்புவதைத் தவிர வேறு வழி அந்த அமைப்பில் இருக்கவில்லை. ஆனால் சாரத்தோடு அந்த ஓடும் பெல்ட்டின் அருகில் குனிந்ததற்காகக் கடிந்துகொண்டேன். பெல்ட்டுக்குக் காப்பு மூடி இல்லாத இயந்திர அறையில் சாரத்தின் தலைப்பு ஒரு தடவை சுற்றிக்கொண்டால் போதும்.

அன்று பெல்ட்டை இறுக்கிவிட்டு வந்தேன். நான்காவது நாள் மீண்டும் கத்தியது.

இரண்டாவது பயணத்துக்கு முன்பு அத்தான் ஸ்ரான்லி வீதியில் புதுப் பெல்ட் வாங்கி மாட்டியிருந்தார். பழைய பெல்ட்டில் எண் அழிந்துபோயிருந்ததால் நீளத்தை மட்டும் அளந்து கேட்டிருக்கிறார்; கடைக்காரரும் அந்த நீளத்துக்குச் சரியானதைத்தான் கொடுத்திருக்கிறார். அகலத்தை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பழைய பெல்ட் 13 மில்லிமீற்றர் அகலமான, 'ஏ' என்னும் அளவுப் பிரிவைச் சேர்ந்தது. புதியது 10 மில்லிமீற்றர் அகலமானது. மாட்டியபோது அது கப்பியின் பள்ளத்துக்குள் அமிழ்ந்து, விளிம்புக்குக் கீழே போய்விட்டது. கழற்றிப் பார்த்தபோது அதன் அடிப்புறம் கண்ணாடிபோலப் பளபளத்தது.

வீ வடிவப் பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்காரக்கூடாது. மரத்தைப் பிளக்கும் ஆப்பு இரு பக்கங்களாலும் நெருங்கிப் பிடிப்பதுபோல, பெல்ட்டின் இரு சாய்வான பக்கங்களும் பள்ளத்தின் இரு சுவர்களில் நெருக்குண்டு நிற்கும்போதுதான் அதற்குப் பிடி கிடைக்கிறது. பள்ளத்தின் சாய்கோணம், சிறிய கப்பியில் 34 பாகை, பெரியதில் 38 பாகை என்று வேறுபடுத்தி வெட்டப்படுவதும் அந்த நெருக்கத்துக்காகவே. சிறிய வட்டத்தில் வளையும் பெல்ட் உட்பக்கம் பிதுங்கித் தன் சாய்வை மாற்றிக்கொள்கிறது. அடி தொட்டுவிட்ட பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பக்கச் சுவர்களுக்குப் பாரம் போகாது. அந்தப் பாரம் எல்லாம் நீர்ப் பம்பின் பெயாரிங்குக்குப் போகும். பெல்ட்டின் அடியில் பளபளப்பைக் கண்டால், அகலம் பிழைத்திருக்க வேண்டும் அல்லது பள்ளம் தேய்ந்திருக்க வேண்டும்.

சரியான அகலத்தில் ஒரு பெல்ட் வாங்கி மாட்டினோம். அளவான இறுக்கமும் கொடுத்தோம். கப்பிகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதையும், யன்னல் வேலை செய்பவரிடம் கேட்டு வாங்கிய நேரான அலுமினியச் சட்டத் துண்டை வைத்து, பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டேன். இரண்டு மில்லிமீற்றர் விலகல் இருந்தது. கப்பிகளுக்கு இடையிலான இடைவெளி 320 மில்லிமீற்றர். 100 மில்லிமீற்றருக்கு அரை மில்லிமீற்றர் என்ற கணக்கில் 1.6 வரை பொறுக்கலாம். இரண்டு என்பது பெரிய குற்றமல்ல என்று விட்டுவிட்டேன். அந்த அளவீட்டில்தான் என் தவறு இருந்தது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

திருவிழா தொடங்கியது. நெடுந்தீவுக்குப் போய்வரும் சாதாரண நாளில் அந்த இயந்திரம் நான்கு தடவை இயக்கப்படும். திருவிழா நாள்களில் நயினாதீவுக்குக் கால் மணி நேர ஓட்டம். ஆள் இறக்கி, ஆள் ஏற்றி, நிறுத்தி, மறுபடி இயக்கி, இப்படி நாளொன்றுக்கு இருபது தடவைக்கு மேல். பெல்ட்டுக்கு மிகக் கடினமான கணம் இயந்திரம் இயங்கிய பின்வரும் முதல் நிமிடமே. ஸ்ராட்டர் மோட்டர் பற்றரியிலிருந்து இழுத்ததைத் திருப்பி நிரப்ப அல்டனேற்றர் தன் முழு வலிமையையும் கொடுக்கிறது. அப்போது இயந்திரமோ மெதுவாகச் சுழல்கிறது. மெதுவான சுழற்சியில் அதே வலுவைக் கொடுக்க அதிக முறுக்கு தேவைப்படுகிறது. நீண்ட பயணத்தில் இந்த நிமிடம் ஒரு முறைதான் வரும். திருவிழாவில் அது இருபது முறை வந்தது. மூன்றாம் நாள் மாலை, புதுப் பெல்ட்டும் கத்தத் தொடங்கிவிட்டது. நன்னீரின் வெப்பம் வழக்கமான 82 பாகையைத் தாண்டி 91க்கு ஏறியது.

திருவிழா முடியும்வரை ஒவ்வொரு நாள் காலையிலும் இறுக்கிக்கொண்டு ஓட்டினார்கள். முடிந்த மறுநாள் படகைக் கட்டிவைத்துவிட்டு என்னை வரச் சொன்னார் அத்தான். இந்த முறை எதையும் இறுக்குவதில்லை என்ற முடிவோடு போனேன். இறுக்கியது எங்கே போய்விடுகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே வேலை.

முதலில், இயங்கும் நிலையில் எண்களை எடுத்தேன். 1,500 சுழற்சியில், விளக்குகளும் மின்பம்பும் ஓடும்போது பற்றரி முனைகளில் 12.6 வோல்ற், அதாவது மின்னேற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொடாமல் அளக்கும் வெப்பமானியைக் காட்டியபோது கிராங்க் கப்பி 61 பாகை, அல்டனேற்றர் கப்பி 118 பாகை. இரண்டும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. ஒன்று மட்டும் இரட்டிப்பாகச் சுடுகிறதென்றால் நழுவுவது அந்த இடத்தில்தான்.

பிறகு இயந்திரத்தை நிறுத்தி, அதை இயக்கும் திறப்பை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றினேன். அல்டனேற்றரின் பின்னாலுள்ள தடித்த கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும். அதையும் இயந்திரத்தின் உடலையும் நட்டுக் கழற்றும் சாவி ஒன்றாகத் தொட்டால் சாவி உருகும். இயந்திரம் ஓடும்போது பற்றரியைக் கழற்றுவது அதைவிட மோசம். அல்டனேற்றருக்குள் இருக்கும் டயோட்டுகள் கருகிவிடும்.

இப்போது அலுமினியச் சட்டத்தை மறுபடி வைத்தேன். ஆனால் இந்த முறை பெல்ட் இறுகியிருக்கும்போது வைத்தேன். விலகல் இரண்டல்ல, ஐந்தரை மில்லிமீற்றர். பெல்ட்டைத் தளர்த்தினேன், இரண்டு. இறுக்கினேன், ஐந்தரை. அல்டனேற்றரை இரு கைகளாலும் பிடித்து முன்பின்னாக அசைத்துப் பார்த்தேன். ஆடும் பல்போல அது ஆடியது.

காரணம், அல்டனேற்றரின் அடியில், அது சாய்ந்து திரும்ப அச்சாக நிற்கும் சுழற்சி போல்ட். சென்ற ஆண்டு, ஜீபிஎஸ் கருவியும் கூடுதல் விளக்குகளும் இரண்டாவது மின்பம்பும் பொருத்தியபோது, 50 அம்பியர் அல்டனேற்றர் போதாது என்று கண்டு, லொறி ஒன்றிலிருந்து கழற்றிய 90 அம்பியர் அல்டனேற்றரை மாட்டியிருந்தார்கள். இயந்திரத்தின் தாங்கியில் துளை 10 மில்லிமீற்றர். லொறி அல்டனேற்றரில் அந்தப் போல்ட் நுழையும் காதில் துளை 12. பழைய 10 மில்லிமீற்றர் போல்ட்டையே போட்டு, தாங்கிக்கும் காதுக்கும் இடையிலிருந்த நான்கு மில்லிமீற்றர் வெளியை மூன்று வொஷர்களால் ஒரே பக்கத்தில் நிரப்பிவிட்டிருந்தார்கள். நிறுத்திய இயந்திரத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். பெல்ட் இழுக்கும்போது அல்டனேற்றர் அந்த இடைவெளிக்குள் சாய்கிறது, சாய்ந்தால் பெல்ட் ஒரு பக்கச் சுவரை மட்டும் உரசுகிறது, அதிர்வில் துளை முட்டை வடிவமாகிறது, இறுக்கம் போகிறது. போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, அதன் நடுவில், நூல் கட்டி இழுத்ததுபோல, இரண்டு இடங்களில் இடுப்பு விழுந்திருந்தது. அல்டனேற்றர்க் காதின் துளை ஒரு திசையில் 12.8 மில்லிமீற்றராகத் தேய்ந்திருந்தது.

போதாக்குறைக்குச் சுமையும் கூடியிருந்தது. 14 வோல்ற், 90 அம்பியர் என்றால் ஏறத்தாழ 1,260 வற்று மின்சாரம். இவ்வகை அல்டனேற்றர்களின் வினைத்திறன் பாதிக்குச் சற்று மேலே என்பதால், பெல்ட் கொண்டுபோக வேண்டியது 2.3 கிலோவற்று, ஏறக்குறைய மூன்று குதிரைவலு. 13 மில்லிமீற்றர் ஒற்றைப் பெல்ட்டுக்கு அது எல்லையை ஒட்டிய பாரம். கொண்டுபோகும்; ஆனால் எந்தக் குறையையும் மன்னிக்காது. 50 அம்பியர் அல்டனேற்றர் அதே கோணல் தாங்கியில் பல ஆண்டுகள் முறைப்பாடில்லாமல் ஓடியிருக்கும்.

செம்மைத் தூளின் காரணமும் அன்றுதான் கிடைத்தது. கடல்நீர்க் குழாயின் இறுக்குவளையம் ஒன்று துருப்பிடித்துத் தளர்ந்து, துளி துளியாகக் கிராங்க் கப்பியின் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. ஓடும்போது கப்பி அந்த உப்புநீரை மூன்று கப்பிகளுக்கும் வீசியடிக்கிறது. நிற்கும்போது, பெல்ட் மூடாத இடத்தில் பள்ளச் சுவர்கள் துருவேறுகின்றன. அடுத்த முறை இயக்கும்போது அந்தத் துரு எமரித் தாள்போலப் பெல்ட்டைத் தேய்க்கிறது. துருப்பிடிக்காத உருக்கு வளையம் ஒன்றைப் போட்டதில் ஒழுக்கு நின்றது. கப்பிகளின் பள்ளச் சுவர்களைக் கம்பித் தூரிகையால் துலக்கி, பின்பு நுண்மையான எமரித் தாளால் தேய்த்து, சவர்க்காரத்தின் எச்சம் போகும்வரை தின்னரால் துடைத்தேன். அத்தான் பக்கத்தில் பெயின்ற் டப்பாவோடு நின்றார். கப்பியின் வெளிமுகத்துக்கு அடிக்கலாம், பள்ளச் சுவருக்கு அடிக்கக்கூடாது என்று சொல்லித் தடுக்கவேண்டியிருந்தது. அங்கே அடிக்கும் பெயின்ற் உரிந்து பெல்ட்டில் ஒட்டும்.

அல்டனேற்றரையும் தாங்கியையும் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். காதின் துளையை 15 மில்லிமீற்றருக்குக் கடைந்து, உள்துளை 12 மில்லிமீற்றர் உள்ள உருக்கு உறை ஒன்றை அழுத்திப் பொருத்தினோம். தாங்கியின் இரு காதுகளையும் ஒரே பிடியில், ஒரே நேர்கோட்டில் 12 மில்லிமீற்றராக்கினோம். தனித்தனியாகத் துளைத்திருந்தால் பழைய கோணல் புது அளவில் திரும்பியிருக்கும். வொஷர்களுக்குப் பதிலாக இரண்டு வளையங்களைக் கடைந்தோம்: நான்கு மில்லிமீற்றரை முன்னும் பின்னும் எப்படிப் பிரித்தால் கப்பி நேருக்கு வரும் என்று அளந்து, முன்னால் ஒன்றரை, பின்னால் இரண்டரை. 8.8 தரமுள்ள 12 மில்லிமீற்றர் போல்ட், தளராத நட்டு. அலவாங்குக்கு இனி வேலை இருக்கக்கூடாது என்பதற்காக, நீண்ட துளையுள்ள பழைய இறுக்கு கையோடு சேர்த்து, ஒரு முனையில் வலப்புரியும் மறுமுனையில் இடப்புரியும் வெட்டிய இழுவைக் கம்பி ஒன்றையும் செய்வித்தேன். நடுவிலுள்ள அறுகோணத்தில் சாவியை வைத்துத் திருப்பினால் பெல்ட் மயிரிழை மயிரிழையாக இறுகும்.

திரும்ப மாட்டும்போது ஒரு சிறு விடயம். அந்த அல்டனேற்றர் தன் எதிர்மின் தொடர்பை உடல் வழியாக, அதாவது இதே போல்ட்டும் தாங்கியும் வழியாகத்தான் பெறுகிறது. புதிதாகப் பெயின்ற் அடித்த தாங்கியில் அந்தத் தொடர்பு கெடும் என்பதால், தொடும் முகங்களைச் சுரண்டியதோடு, உடலிலிருந்து இயந்திரத்துக்குத் தனியாக ஒரு தடித்த கம்பியும் இழுத்தேன்.

இறுக்கத்தை அளப்பதில் பெருவிரலை நம்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒருவரின் பெருவிரல் ஐந்து கிலோ அழுத்தும், இன்னொருவரின் விரல் பதினைந்து. இறங்குதுறையில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று இருந்தது. பெல்ட்டின் மிக நீண்ட இடைவெளியின் நடுவில் கொக்கியை மாட்டி, தராசின் முள் பத்துக் கிலோவைத் தொடும்வரை வெளியே இழுத்து, அலுமினியச் சட்டத்திலிருந்து பெல்ட் எவ்வளவு விலகியது என்று அடிமட்டத்தால் அளந்தோம். புதுப் பெல்ட்டுக்கு 8 மில்லிமீற்றர், ஓடிப் பழகியதற்கு 10 முதல் 12 வரை. இழுவைக் கம்பியைத் திருப்பி எட்டுக்குக் கொண்டுவந்து, முதலில் மேல் போல்ட்டையும் பிறகு சுழற்சி போல்ட்டையும் இறுக்கினோம். சட்டத்தை வைத்துப் பார்த்தேன்; இறுகிய நிலையில் விலகல் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. தராசின் சொந்தக்காரர் கொக்கியில் றப்பர்க் கறை பட்டதற்காக முணுமுணுத்துக்கொண்டு அதைக் கடல்நீரில் கழுவிக்கொண்டுபோனார்.

இருபது நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி அளந்தபோது 8 என்பது 11 ஆகியிருந்தது. புதுப் பெல்ட் பள்ளத்தில் படிந்து, முதல் நீட்சி கொள்வதால் இது நடக்கும். இந்த இரண்டாவது இறுக்கலைச் செய்யாமல் போவதால்தான் பல புதுப் பெல்ட்டுகள் ஒரு வாரத்தில் எரிகின்றன. மறுபடி ஒன்பதுக்கு இறுக்கி, இரு நட்டுகளின் மேலும் தாங்கியோடு சேர்த்து வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு முறியும். பையனும் பார்த்துச் சொல்லலாம்.

அதே 1,500 சுழற்சி, அதே விளக்குகள், அதே மின்பம்பு: 14.1 வோல்ற். அல்டனேற்றர் கப்பி 66 பாகை, கிராங்க் கப்பி 58. சுழற்சிமானியின் முள் நின்ற இடத்தில் நின்றது. "டீசல் பம்ப் நல்லாகிட்டுது," என்றார் அத்தான்.

பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின் அளந்தபோது பத்து மில்லிமீற்றர். ஐம்பது மணி நேரத்துக்குப் பின்னும் அதே பத்து. இரண்டாவது பெல்ட் ஒன்றை, அகலமும் நீளமும் பெயின்ற்றால் எழுதிய அட்டையோடு, எண்ணெய் படாத பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். தவறாக வாங்கிய 10 மில்லிமீற்றர் பெல்ட்டைப் படகில் வைக்க வேண்டாம் என்று நான் எடுத்துவந்துவிட்டேன், அவசரத்தில் யாராவது அதையே மாட்டிவிடுவார்கள் என்பதால். நீர்ப் பம்பின் பெயாரிங்கை மட்டும் நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. அத்தனை நாள் அளவுக்கு மீறி இறுக்கியதன் பலன் அதில் எங்கேனும் இருக்கும். பம்பின் அடியிலுள்ள கசிவுத் துளையில் நீர்த்துளி தெரிகிறதா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் விரலை வைத்துப் பார்க்கும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன். இதுவரை விரல் ஈரமாகவில்லை.